சத்தியவேட்டில் சாட்சி, அமராவதியில் அப்பீல்: இடையில் மூன்று மொழிகள்

புதுதில்லி: கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்றவர் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "மேல் கோர்ட்டில் பார்த்துக் கொள்ளலாம்." முன்னாள் முதல்வர் முதல் மரம் வெட்டப் போன கூலித் தொழிலாளி வரை இந்த நம்பிக்கை பொது. ஆனால், கீழ் நீதிமன்றம் செய்ததையே மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுபடியும் செய்யும் என்ற எண்ணம் தவறானது. அங்கே சாட்சிக் கூண்டு இல்லை. குறுக்கு விசாரணை இல்லை. கீழ் நீதிமன்றத்தில் பதிவான காகிதங்கள் மட்டுமே அங்கு பேசும்.

இந்த வேறுபாட்டின் விலையை அதிகம் கொடுப்பவர்கள், தங்களுக்குத் தெரியாத மொழியில் அந்தக் காகிதங்கள் எழுதப்படுவதைப் பார்த்துக் கொண்டு நிற்பவர்கள். தமிழக எல்லையை ஒட்டிய ஆந்திரப் பகுதியான சத்தியவேடும் அதன் சுற்றுப்புறமும் இதற்குக் கண்முன் உள்ள உதாரணம்.

எல்லை மாறியது, அப்பீல் வழியும் மாறியது

ஊத்துக்கோட்டைக்கு வடக்கே உள்ள சத்தியவேட்டைச் சூழ்ந்த கிராமங்கள் ஒரு காலத்தில் செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களைச் சேர்ந்தவை. படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆந்திர - சென்னை மாநில எல்லை மாற்றி அமைக்கப்பட்டது. திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. அதற்கு ஈடாகச் சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் வரவு செலவுக் கணக்கில் திருத்தணி வரவு என்றால், சத்தியவேடு செலவு.

வருவாய்க் கணக்கும் பள்ளிக்கூடமும் மட்டும் அன்று மாறவில்லை. அதுவரை இக்கிராமங்களின் கொலை வழக்கு அப்பீல்கள் சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தன. அதன்பின் ஐதராபாத்துக்குப் போயின. மாநிலப் பிரிவினைக்குப் பிறகு, 2019 ஜனவரி 1 முதல் அமராவதியில் இயங்கும் ஆந்திரப் பிரதேச உயர் நீதிமன்றத்துக்குச் செல்கின்றன. தொலைவு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு, 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. இன்றும் தமிழ் பேசுவோர் கணிசமாக வாழும் பகுதி இது.

ஒரு வாக்குமூலம், மூன்று மொழிகள்

கீழ்நிலை நீதிமன்றங்களின் மொழி எது என்று நிர்ணயிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு உண்டு. ஆந்திரத்தில் அது தெலுங்கு. நடைமுறையில் ஆங்கிலமும் பெருமளவு புழங்குகிறது. உயர் நீதிமன்றத்தின் மொழி, அரசியல் சட்டத்தின் 348-வது பிரிவின்படி ஆங்கிலம்.

ஆகவே, தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவர் சத்தியவேட்டிலோ திருப்பதியிலோ கூண்டில் நின்று சொல்வது தெலுங்கில் பதிவாகலாம். அப்பீலின்போது ஆங்கிலமாகி நீதிபதிகளின் மேசைக்குச் செல்லும். அவர் சொன்னது ஒரு மொழி, பதிவானது ஒரு மொழி, தீர்ப்புக்கு அடிப்படையாவது இன்னொரு மொழி. இடையில் ஒரு சொல் பிசகினாலும் அதைத் திருத்தக்கூடிய ஒரே இடம், அந்தச் சொல் சொல்லப்பட்ட விசாரணை நீதிமன்றம்தான்.

சட்டம் இதைக் கவனிக்காமல் விடவில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 314-வது பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் பதிவானால், அதைப் புரிந்த மொழியில் அவருக்கு அங்கேயே விளக்கிச் சொல்ல வேண்டும் என்கிறது. அவரிடம் நீதிபதி கேள்வி கேட்டுப் பெறும் பதில்களை, இயன்றவரை அவர் பேசும் மொழியிலேயே பதிவு செய்ய வேண்டும் என்கிறது 316-வது பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இவை 279, 281-வது பிரிவுகளாக இருந்தவையே.

ஆனால் இதில் ஒரு கண்ணி உள்ளது. சாட்சியம் தனக்குப் புரியும் மொழியில் விளக்கப்படவில்லை என்ற முறையீடு, சென்னை மாநில வழக்கு ஒன்றில் 1960-களிலேயே உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. விளக்காமல் விட்டது முறைகேடுதான். எனினும் அதனால் எதிரிக்குப் பாதிப்பு ஏற்பட்டது என்று காட்டப்படாதவரை விசாரணை செல்லாததாகி விடாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. முறைகேடு பற்றிய ஆட்சேபணையை முன்னரே எழுப்பியிருக்க முடியுமா, எழுப்பியிருக்க வேண்டுமா என்பதையும் மேல் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்பது சட்ட விதி. சுருக்கமாகச் சொன்னால், "எனக்குப் புரியவில்லை" என்பதை விசாரணையின்போதே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். அப்பீலில் சொன்னால் அதன் எடை குறைந்துவிடும்.

விசாரணையில் நடப்பது என்ன?

விசாரணை நீதிமன்றத்தின் வேலை, நடந்தது என்ன என்று கண்டறிவது. குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பைச் சேர்ந்தது. சாட்சிகள் நேரில் வருகிறார்கள், குறுக்கு விசாரணை செய்யப்படுகிறார்கள், சிலர் பிறழ்சாட்சிகளாகிறார்கள். சாட்சியின் முகபாவம், தயக்கம், நடத்தை பற்றி நீதிபதி தனிக்குறிப்பே எழுதலாம். தீர்ப்பு வரும்வரை எதிரி நிரபராதி என்றே கருதப்பட வேண்டும். ஐயம் எழுந்தால் பலன் அவருக்கு.

தண்டனை விதிக்கப்பட்ட நிமிடத்தில் நிலைமை தலைகீழாகிறது. இப்போது தீர்ப்பில் உள்ள பிழையைச் சுட்டிக்காட்ட வேண்டியவர் தண்டனை பெற்றவர். முதல் அப்பீலில் சட்டப் பிரச்சினைகளை மட்டுமன்றி, சாட்சியம் முழுவதையும் உயர் நீதிமன்றம் மறு ஆய்வு செய்யலாம், செய்யவும் வேண்டும். அப்பீல்தாரரோ அவரது வழக்கறிஞரோ வரவில்லை என்ற ஒரே காரணத்துக்காக, தகுதியை ஆராயாமல் அப்பீலைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. புதிய சாட்சியம் பெறவும் வழி உண்டு. ஆனால் அது அபூர்வமாகத் திறக்கும் கதவு. விசாரணையில் வழக்கறிஞர் கேட்க மறந்த கேள்வியைக் கேட்பதற்காகத் திறப்பதில்லை. சாட்சியை நேரில் பார்த்த நீதிபதியின் மதிப்பீட்டை, பார்க்காத நீதிபதிகள் எளிதில் மாற்ற மாட்டார்கள் என்பதும் நெடுநாள் மரபு.

ஒரே காகிதம், வெவ்வேறு முடிவு

அப்பீலால் பயனில்லை என்று இதற்குப் பொருளல்ல. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தடா நீதிமன்றம் 1998 ஜனவரி 28-இல் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. தடா சட்டப்படி அப்பீல் நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 1999 மே 11-இல் வந்த தீர்ப்பில் நால்வரின் தூக்கு மட்டுமே உறுதியானது. மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. மற்ற 19 பேரும் சிறையிலிருந்து வெளியேற வழி பிறந்தது. புதிதாக ஒரு சாட்சியும் வரவில்லை. அதே சாட்சியத்தை உச்ச நீதிமன்றம் வேறு விதமாக எடை போட்டது.

ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு இன்னொரு பாடம். பெங்களூரு தனி நீதிமன்ற நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா 2014 செப்டம்பர் 27-இல் நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி சி.ஆர். குமாரசாமி 2015 மே 11-இல் விடுதலை செய்தார். விசாரணை நீதிமன்றத்தில் 53 கோடி ரூபாய்க்கு மேல் இருந்த கூடுதல் சொத்து, அப்பீலில் 2.82 கோடியாக, அதாவது வருமானத்தில் 8.12 சதவீதமாகச் சுருங்கியது. கடன் தொகைகளைக் கூட்டியதில் பிழை என்று மறுநாளே சர்ச்சை எழுந்தது. 2017 பிப்ரவரி 14-இல் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பையே மீண்டும் நிலைநாட்டியது. அதற்குள் ஜெயலலிதா காலமாகிவிட்டதால் சசிகலா, இளவரசி, சுதாகரன் ஆகிய மூவரும் சிறை சென்றனர். ஆவணங்கள் ஒன்றே, முடிவுகள் மூன்று.

தலைவர்களின் வழக்குகளில் மூத்த வழக்கறிஞர்கள் அணிவகுத்தார்கள். அவ்வாறு யாரும் இல்லாத ஒருவருக்கு அப்பீல் என்ன தரும், எவ்வளவு தாமதமாகத் தரும் என்பதற்கு ஆந்திரத்திலேயே சான்று உண்டு. விஜயவாடா அருகே இப்ராகிம்பட்டினத்தில் 2007 டிசம்பரில் விடுதியில் தங்கிப் படித்த மாணவி ஒருவர் கொலை செய்யப்பட்டார். 2008-இல் கைதான ஏழை இளைஞருக்கு 2010 செப்டம்பரில் விஜயவாடா நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2017 மார்ச் 31-இல் ஐதராபாத் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்து, போலீஸ் விசாரணையையும் கடுமையாகச் சாடியது. எட்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்த பிறகு கிடைத்தது அந்த விடுதலை. மகளை இழந்த பெற்றோருக்கோ, குற்றவாளி யார் என்ற கேள்வி பத்தாண்டுக்குப் பின் மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. விசாரணையில் நேரும் பிழைக்கு இரு தரப்பும் விலை கொடுக்கின்றன.

செம்மர வழக்குகளில் தமிழர்கள்

ஆந்திர நீதிமன்றங்களைத் தமிழக மக்கள் கவலையோடு பார்க்கத் தொடங்கியது செம்மரத்தால். 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வனத்துறை அலுவலர்கள் இருவர் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து தமிழகத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் கைது செய்யப்பட்டனர். 2015 ஏப்ரல் 7-இல் அதே காட்டில் தமிழகத் தொழிலாளர் 20 பேர் ஆந்திர அதிரடிப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். வன அலுவலர்கள் கொலை வழக்கில் 280-க்கும் மேற்பட்ட தமிழர்களை 2016 ஜூலையில் திருப்பதி நீதிமன்றம் விடுதலை செய்தது. அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபிக்கவில்லை.

அந்தத் தொழிலாளர்கள் அப்பீல் செய்ய வேண்டிய தேவையே எழவில்லை. ஆனால் விடுதலைக்கு முன்பே அவர்களில் பலர் விசாரணைக் கைதிகளாக நெடுநாள் சிறையில் கழித்துவிட்டனர். ஏழைக்கு விசாரணைக் கட்டமே பெரிய தண்டனை என்பதை அந்த வழக்கு காட்டியது.

அதே 2016-இல் ஆந்திர வனச் சட்டம் திருத்தப்பட்டு, செம்மரக் குற்றங்களுக்குத் தண்டனை கடுமையாக்கப்பட்டது. திருப்பதியில் இதற்கென்றே தனி நீதிமன்றமும் அமைந்தது. எனவே, விசாரணைக் கட்டத்தில் மொழி தெரிந்த வழக்கறிஞரின் தேவை முன்னைவிடக் கூடியுள்ளது, குறைந்துவிடவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். "குற்றத்தை ஒப்புக்கொண்டால் சீக்கிரம் ஊர் திரும்பலாம்" என்று சொல்லப்படுவதை நம்பி ஒருவர் தலையாட்டினால், அப்பீல் கதவு அநேகமாக மூடிவிடும். 416-வது பிரிவின்படி, தானே குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், தண்டனையின் அளவையோ சட்டப்படியான தன்மையையோ மட்டுமே எதிர்த்து முறையிடலாம். குற்றம் செய்தேனா இல்லையா என்பதை மேல் நீதிமன்றத்தில் எழுப்ப முடியாது. புரியாத மொழியில் கேட்கப்பட்ட கேள்விக்கு "ஆமாம்" என்பது எவ்வளவு பெரிய சொல் என்பது அப்போதுதான் தெரியும்.

தூக்குத் தண்டனை என்றால்...

ஒரே ஒரு வகைத் தண்டனையில் மட்டும் அப்பீல் செய்தாலும் செய்யாவிட்டாலும் வழக்கு உயர் நீதிமன்றம் போயே தீர வேண்டும். சித்தூர் மேயராக இருந்த கட்டாரி அனுராதாவும் அவரது கணவர் மோகனும் 2015 நவம்பர் 17-இல் மாநகராட்சி அலுவலகத்திலேயே தாக்கிக் கொல்லப்பட்ட வழக்கில், பத்தாண்டுகளுக்குப் பின் 2025 அக்டோபரில் சித்தூர் நீதிமன்றம் ஐவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. இத்தகைய தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது. பழைய சட்டத்தின் 366-வது பிரிவும் புதிய சட்டத்தின் 407-வது பிரிவும் இதையே கூறுகின்றன. சாட்சியத்தை முழுமையாக மீண்டும் எடை போட்டு, தண்டனையைக் குறைக்கவோ, விடுதலை செய்யவோ, மறு விசாரணைக்கு உத்தரவிடவோ உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

அப்பீல் செய்தால் தண்டனை கூடுமா?

கிராமங்களில் நிலவும் அச்சங்களில் ஒன்று இது. தண்டனை பெற்றவர் செய்யும் அப்பீலில் தண்டனையை உயர்த்தும் அதிகாரத்தைச் சட்டம் தரவில்லை. அதற்கு அரசு தனியே அப்பீல் செய்ய வேண்டும். தமிழக வழக்கு ஒன்றில், விசாரணை நீதிமன்றம் விடுவித்த குற்றச்சாட்டுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, எதிரியின் அப்பீல் நிலுவையில் இருந்தபோது தானே முன்வந்து தண்டனை அளித்தது. 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, அப்பீல் செய்தவரை அவரது அப்பீலாலேயே மோசமான நிலைக்குத் தள்ளக்கூடாது என்று தெளிவுபடுத்தியது.

விடுதலையை எதிர்த்து அரசு செய்யும் அப்பீல் வேறு வகை. கீழ் நீதிமன்றமே விடுவித்துவிட்டதால், நிரபராதி என்ற அனுமானம் இரட்டிப்பு வலுப் பெறுகிறது. இரண்டு முடிவுகளுக்கு இடம் இருந்தால் விடுதலையில் தலையிடக் கூடாது என்பது 2007-இல் கர்நாடக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் வகுத்துச் சொன்ன நெறி. பாதிக்கப்பட்டவரும் விடுதலையை எதிர்த்து அப்பீல் செய்யும் உரிமை 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் உள்ளது.

நாட்கள் நழுவினால்

மாஜிஸ்திரேட் தண்டித்தால் பெரும்பாலும் அப்பீல் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு; கெடு 30 நாட்கள். செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்தால் உயர் நீதிமன்றத்துக்கு. கெடு 60 நாட்கள். தூக்குத் தண்டனைக்கு 30 நாட்கள். தகுந்த காரணம் காட்டினால் தாமதம் மன்னிக்கப்படும். மாஜிஸ்திரேட் விதிக்கும் 100 ரூபாய்க்கு மேற்படாத அபராதம் போன்ற சிறு தண்டனைகளுக்கு அப்பீலே இல்லை.

வழக்கறிஞர் வைக்க வழியில்லாதவர் சிறை அதிகாரி மூலமாகவே அப்பீல் மனு அனுப்பலாம். காவலில் உள்ளவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். சிறைத் தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகலை உடனே இலவசமாகத் தர வேண்டும். அவர் விரும்பிக் கேட்டால், இயன்றவரை அவரது மொழியில் மொழிபெயர்ப்பும் தர வேண்டும் என்று 404-வது பிரிவு கூறுகிறது. "தீர்ப்பைத் தமிழில் கொடுங்கள்" என்று திருப்பதியில் கேட்பது சலுகை கேட்பதாகாது. சட்டம் தரும் உரிமையைக் கேட்பதாகும்.

அப்பீல் ஏற்கப்பட்டாலும் காத்திருப்பு முடிவதில்லை. தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், தண்டனை பெற்ற பின் ஜாமீன் எளிதல்ல. அப்பீலை ஆண்டுக்கணக்கில் விசாரிக்காமல் கைதியை மட்டும் சிறையில் வைத்திருப்பது நீதியல்ல என்று உச்ச நீதிமன்றம் 1977-லேயே சுட்டிக்காட்டியது. ஆயுள் தண்டனை பெற்று, அதன்பின் ஐந்தாண்டு சிறையில் கழித்தும் அப்பீல் முடியாதவர்கள், சில விதிவிலக்குகளுக்கு உட்பட்டு, ஜாமீன் கோரலாம் என்று 2016-இல் ஐதராபாத் உயர் நீதிமன்றம் நெறி வகுத்தது. சத்தியவேட்டுக்காரர்களுக்கும் அன்று அதுவே உயர் நீதிமன்றம்.

தில்லியில் பேசப்படுவதும் பேச வேண்டியதும்

நீதிமன்ற மொழி நாடாளுமன்றத்துக்குப் புதிய விஷயமல்ல. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வழக்காடு மொழியாக வேண்டும் என்று தமிழக சட்டப்பேரவை 2006-இல் தீர்மானம் நிறைவேற்றியது. உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை ஏற்கவில்லை என்பதே மத்திய அரசு தமிழக எம்.பி.க்களுக்குத் திரும்பத் திரும்ப அளித்துவரும் பதில். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பிகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு அனுமதி உண்டு என்பதைத் தமிழக எம்.பி.க்கள் சுட்டிக்காட்டுவதும் தொடர்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றம் தனது தீர்ப்புகளைப் பிராந்திய மொழிகளில் வெளியிட முன்வந்தபோது முதல் பட்டியலில் தமிழ் இல்லை. எதிர்ப்புக்குப் பின் சேர்க்கப்பட்டது.

இந்த வாதங்கள் நியாயமானவை. ஆனால் இவை அனைத்தும் மேலே உள்ள நீதிமன்றங்களைப் பற்றியவை. தீர்ப்பைத் தமிழில் படிக்கக் கொடுப்பதற்கு முன், அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையான சாட்சியம் தமிழ் மட்டும் தெரிந்தவருக்குத் தமிழில் விளக்கப்பட்டதா என்ற கேள்வி நிற்கிறது. ஆந்திர எல்லையோர நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர், சட்ட உதவிப் பட்டியலில் தமிழ் அறிந்த வழக்கறிஞர், கைதானவரின் முதல் நீதிமன்ற வருகையிலேயே அவர் மொழியைக் கேட்டுப் பதிவு செய்யும் வழக்கம் ஆகிய மூன்றுக்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இரு மாநில அரசுகளும் சட்டப் பணிகள் ஆணையங்களும் கலந்து பேசினால் போதும். தமிழகத்தின் ஓசூர், திருத்தணி பகுதிகளில் தெலுங்கு மட்டுமே தெரிந்து கூண்டில் நிற்பவருக்கும் இதே ஏற்பாடு தேவை.

நாடாளுமன்றத்தில் இனி இந்தக் கேள்வி எழும்போது, உயர் நீதிமன்றத்தில் தமிழ் எப்போது என்பதோடு, சத்தியவேடு போன்ற ஊர்களின் நீதிமன்றங்களில் 314-வது பிரிவு எப்படி நடைமுறையாகிறது என்பதும் கேட்கப்பட வேண்டும். விசாரணையின்போது காகிதத்தில் ஏறாத சொல்லை, அமராவதியிலும் தில்லியிலும் எந்த நீதிபதியாலும் படிக்க முடியாது.